பளபளத்த ஸ்பிரிங்கும் பதினோராம் வளைவும்

அஸ்தம்பட்டி பத்மினி:
என்னுடையது 1978 பத்மினி கார். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். எல்லாவற்றையும் கழற்றித் துருவெடுத்து, டிரம்மின் வெளிப்புறத்துக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்தேன். பிரேக்கை விட்டதும், டிரம்மின் உள்ளே உராயும் ஷூவைத் திரும்ப இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள் மட்டும் கறுத்துக் கிடந்தன. அவற்றுக்கும் துத்தநாக முலாம் பூசி வாங்கினேன். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு தோற்றது போங்கள்.

ஏற்காட்டிலிருந்து இறங்குகையில் பதினோராம் கொண்டை ஊசி வளைவில் கருகல் வாடை. முன்னால் போன லாரியுடையது என்றுதான் நினைத்தேன். ஓரங்கட்டிப் பார்த்தால் இடது பின்சக்கரத்தின் பக்கத்திலேயே கை கொண்டுபோக முடியவில்லை. சக்கரத் துளை வழியே குனிந்து பார்த்தேன். மூன்று நாள் பொறுமையாக அடித்த சிவப்பு, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி கொப்புளித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்த மகனைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். சூட்டோடு ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும்.

வீட்டில் டிரம்மைக் கழற்றியதும் ஸ்பிரிங் இரண்டு துண்டாகக் கீழே விழுந்தது. தேய்மானம் இல்லை, நீளவும் இல்லை. பிஸ்கட் ஒடிந்த மாதிரி ஒடிந்திருந்தது. முலாம் பூசியது எப்படி ஒடியும்?

குகை அம்பாசிடர்:
முலாம் மேல் பழி போடாதீர்கள். இருபது வளைவிலும் பெடலை மிதித்துக்கொண்டே இறங்கினால் எந்த டிரம்மும் சுடத்தான் செய்யும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். எனக்கு நடந்தது வேறு: டிரம்முக்கு பவுடர் கோட்டிங் கொடுத்தேன், சக்கரம் வந்து உட்காரும் முகத்திலும் பூசிவிட்டார்கள். ஓமலூர் போய்த் திரும்புவதற்குள் வீல் நட்டுகள் விரலால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. பூச்சு நசுங்க நசுங்கப் பிடி போய்விடுகிறது. சுரண்டி எடுத்தபின்தான் சரியானது.

சூரமங்கலம் லேத்:
குகை அண்ணா, ஒரு சக்கரம்தான் சுட்டது என்று அவர் எழுதியிருக்கிறாரே? மிதித்ததால் என்றால் முன்சக்கரங்கள்தான் முதலில் சுடும். ஸ்பிரிங் ஒடிந்ததால் அந்த ஒரு சக்கரத்தில் ஷூ விலகாமல் உராய்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஸ்பிரிங்கை ஒடித்தது ஹைட்ரஜன். அமிலத்தில் போடும்போதும் முலாம் ஏற்றும்போதும் அது எஃகுக்குள் புகுந்துவிடும். ஸ்பிரிங் போன்ற விறைப்பான எஃகு, இழுபட்ட நிலையில் இருந்து இருந்து, ஒருநாள் சொல்லாமல் ஒடியும். முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் சுமார் 190 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுக்க வேண்டும். அந்தப் பாடு படுவதற்குப் புது ஸ்பிரிங்கே வாங்கிவிடலாம்.

என் கதை சின்னது. கீறல் போகட்டும் என்று ஒரு டிரம்மை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கடைந்து, அனுமதித்த விட்டத்தைத் தாண்டிப் பழைய இரும்புக்குப் போட்டேன்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் பழையதென்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரில் பெட்ரோல் பட்டால் ஊதிப்போகும். பிரேக் ஆயில் சாதாரண பெயிண்டை உரித்துவிடும். ஷூக்களுக்குப் பின்னால் இருக்கும் தகடான பேக் பிளேட்டில், ஷூ உராயும் மேடுகளுக்கு பெயிண்ட் அடிக்காமல், சூடு தாங்கும் கிரீஸ் ஒரு பொட்டு வையுங்கள். அதிகம் வைத்தால் லைனிங்கில் வழியும்.

குகை அம்பாசிடர்:
தம்பி, லேத் வேலையை நீங்கள் பாருங்கள். மலை ஓட்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அஸ்தம்பட்டி பத்மினி:
அண்ணா, இரண்டாவது கியரில்தான் இறங்கினேன். நேற்று மற்ற சக்கரங்களின் ஸ்பிரிங்குகளையும் கழற்றினேன். ஒன்றை வைஸில் மாட்டி லேசாக இழுத்தேன். ‘டிக்’ என்றது.