கேரவன் இழுக்க மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பென்டில்ஹில்_அப்பா:
போன ஜனவரி விடுமுறையில், ஆஸ்திரேலியாவில், கூமாவிலிருந்து பேகாவுக்கு இறங்கினோம், பிரவுன் மவுண்டன் வழியாக. அந்த இறக்கம் தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். டீசல் எஸ்யூவி, ஆட்டோமேட்டிக், பின்னால் கொக்கியில் 2200 கிலோ கேரவன், சக்கரம் வைத்த வீடு மாதிரி. நான் பாட்டுக்கு டிரைவில் போட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பாதி மலையில் பின்சீட்டிலிருந்து மகன் "அப்பா, ஏதோ கருகுது" என்றான். அடுத்த வளைவில் மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. ஒதுங்க இடம் இருந்ததால் பிழைத்தோம். முக்கால் மணி நேரம் ஓரத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டோம், யாரும் யாரோடும் பேசவில்லை. அடுத்த வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேனுவலாக இருந்திருந்தால் இது நடந்திருக்காதோ என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது.

ஈஸ்ட்ஹாம்_கருப்பட்டி:
மேனுவலா? வேண்டாம் அண்ணா. இங்கிலாந்தின் டெவனில் ஒரு கேம்ப்சைட், எங்களுக்குக் கொடுத்த இடம் மேட்டில், ஈரப் புல், கேரவனை ரிவர்ஸில் ஏற்ற வேண்டும். மேனுவல் வண்டியில் ரிவர்ஸ் கியர் ஏறத்தாழ முதல் கியர் மாதிரிதான், கிளட்ச்சை முழுசாக விட்டால் அந்த இடுக்குக்கு வேகம் அதிகம், விடாவிட்டால் ஹாஃப் கிளட்ச்சிலேயே தள்ள வேண்டும். நான் பத்து நிமிஷம் ஹாஃப் கிளட்ச்சில் தள்ளினேன். பக்கத்து கேரவன்காரர் டீக் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பானெட் இடுக்கில் புகை கிளம்பியதும் மெதுவாக வந்து, "உங்களிடம் மூவர் இல்லையா?" என்று கேட்டார் பாருங்கள், அந்தக் கேள்வியை இன்று வரை மறக்க முடியவில்லை. மூவர் (mover) என்றால், ரிமோட்டை அழுத்தினால் கேரவன் தானே நகர்ந்து போய் நிற்கிற மோட்டார். அப்படி ஒன்று உண்டு என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஊருக்கு வந்து கிளட்ச், ஃப்ளைவீல் இரண்டும் மாற்றியதில் அந்த வருஷ லீவுக் காசு முழுசும் போயிற்று. இப்போது ஆட்டோமேட்டிக். பிரேக்கை லேசாக விட்டால் போதும், ஆமை மாதிரி பின்னால் போகிறது.

கல்லட்டி_டிரைவர்:
பென்டில்ஹில் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், தப்பு கியர்பாக்ஸில் இல்லை. டிரைவில் விட்டுவிட்டு மலை இறங்கினால் எந்த வண்டியும் அதைத்தான் செய்யும். நான் வண்டி பழகியது ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில், 36 கொண்டை ஊசி வளைவு. எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்று சித்தப்பா மண்டையில் தட்டித்தான் கற்றுக்கொடுத்தார். இன்றைக்குப் பெரும்பாலான ஆட்டோமேட்டிக்கில் கியரைக் கையால் குறைக்க வழி இருக்கிறது. இன்ஜின் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். மெல்போர்னிலிருந்து ஹோத்தம் மலைக்கு நான் ஆட்டோவில்தான் இழுத்துப் போய்வந்தேன், பிரேக் சூடாகவே இல்லை.

அப்புறம் ஈஸ்ட்ஹாம் தம்பி, பத்து நிமிஷம் ஹாஃப் கிளட்ச் போட்டால் லாரி கிளட்ச்சே கருகும். அதற்கு மேனுவலைத் திட்டுவது நியாயமா?

பென்டில்ஹில்_அப்பா:
கையால் குறைத்தேன் அண்ணா, அதைச் சொல்ல விட்டுவிட்டேன். இரண்டாவது கியருக்கு வந்ததும் இன்ஜின் 4000 சுற்றில் கத்தியது. மனைவி "என்ன பண்றீங்க, வெடிச்சிடப் போகுது" என்றாள். திரும்ப டிரைவில் போட்டுவிட்டேன்.

கல்லட்டி_டிரைவர்:
கத்தட்டும், கத்தினால்தான் பிடிக்கும். சிவப்புக் கோட்டைத் தொடாத வரை ஒன்றும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

லெஸ்டர்_அக்கா:
நீங்கள் ஆண்கள் எல்லாரும் வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். என் கதையில் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்காட்லாந்து, கிளென்கோ தாண்டி ஒரு ஒதுங்கிடத்தில் டீக்கு நிறுத்தினோம். கேரவனுக்குள் குனிந்து தண்ணீர்க் கேனைத் தூக்கிய என் வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, நிமிரவே முடியவில்லை. சரி நான் ஓட்டுகிறேன் என்று டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன், கண்ணாடி கூடச் சரிசெய்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. நான் பரீட்சை எழுதியது ஆட்டோமேட்டிக்கில். இந்த நாட்டில் அப்படி எடுத்தால் மேனுவலைத் தொட லைசன்ஸ் இல்லை. 2021 டிசம்பரில் சட்டம் மாறியதிலிருந்து தனிப் பரீட்சை இல்லாமலே 3500 கிலோ வரை இழுக்க எனக்கு உரிமை இருக்கிறது, ஆனால் என் வீட்டுக் காரை நகர்த்த உரிமை இல்லை! மழை, பின்சீட்டில் அவர் முனகல், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். மீட்பு வண்டி வர மூன்று மணி நேரம். வீட்டில் இரண்டு பேரும் ஓட்டக்கூடியதை வாங்குங்கள், அவ்வளவுதான் நான் சொல்வது.

ஹாரோ_புதுசு:
ஆட்டோமேட்டிக் என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். என்னுடையதும் ஆட்டோமேட்டிக்தான், ஆனால் உள்ளே இரட்டைக் கிளட்ச், அதுவும் எண்ணெயில் முங்காத வகை. ஆகஸ்டில் எம்5 நெடுஞ்சாலையில் பிரிஸ்டல் நெரிசல், பத்தடி நகர்வதும் நிற்பதுமாக ஒரு மணி நேரம், பின்னால் கேரவன். டேஷ்போர்டில் 'கியர்பாக்ஸ் சூடு, நிறுத்தவும்' என்று வந்தது. ஈஸ்ட்ஹாம் அண்ணா காலால் போட்ட ஹாஃப் கிளட்ச்சைத்தான் இந்தப் பெட்டி ரகசியமாக எனக்காகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. சர்வீஸில் கேட்டால் "அது அப்படித்தான்" என்றார்கள்.

பழைய_ஸ்பானர்:
ஹாரோ தம்பி ஒருவர்தான் விஷயத்தைத் தொட்டிருக்கிறார். என் கதை சின்னது. பிரிஸ்பேனிலிருந்து டூவூம்பா மலை ஏறும்போது, சுங்கச் சாலை திறப்பதற்கு முன், கியர்பாக்ஸ் எண்ணெய் பொங்கி எக்ஸாஸ்ட் மேல் வழிந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்து நிறுத்தினார்.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு. டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோ என்றால் கிளம்பும்போது இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் இருப்பது வெறும் எண்ணெய், உரசித் தேய எதுவும் இல்லை, நின்ற இடத்திலிருந்து இழுக்கையில் முறுக்கு விசையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கியும் கொடுக்கும். பாரம் இழுப்பவர்கள் அதை விரும்புவது இதற்காகத்தான். ஆனால் எண்ணெய் வழியாகச் சுழல்வதில் வரும் வழுக்கல் எல்லாம் சூடாக மாறி எண்ணெயில்தான் இறங்குகிறது. ஆகவே தனி ஆயில் கூலர் போடுங்கள், எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் மீட்டர் வையுங்கள், ஆயுள் முழுக்க எண்ணெய் மாற்ற வேண்டாம் என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள், இழுக்கிற வண்டிக்கு மாற்றியே ஆக வேண்டும். ஏற்றத்தில் ஐந்துக்கும் ஆறுக்கும் மாறி மாறித் தாவினால் நான்கிலோ ஐந்திலோ கையால் பூட்டுங்கள். கொக்கியில் விழும் எடை ஆஸ்திரேலியாவில் கேரவனின் மொத்த எடையில் பத்து சதவீதம் பார்ப்பார்கள், இங்கிலாந்தில் ஐந்திலிருந்து ஏழு. பென்டில்ஹில் தம்பி பிரேக் எண்ணெயை எப்போது மாற்றினார்? அது காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும், ஈரம் ஏறினால் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் பெடல் பஞ்சுதான். கேரவனின் மின்பிரேக்குக்கு கண்ட்ரோலரில் எவ்வளவு பலம் வைத்திருந்தார்? குறைவாக வைத்திருந்தால் 2200 கிலோவையும் கார் பிரேக்கே சுமந்திருக்கும். டயர் காற்றைப் பயணத்துக்கு முன் பாருங்கள். கையேட்டில் இழுவை எடையையும் பாருங்கள், ஒரே மாடலில் மேனுவலுக்கும் ஆட்டோவுக்கும் வேறு வேறாக இருக்கலாம். 2015-இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் 4x4 டீசலில் மேனுவலுக்கு 3500, ஆட்டோவுக்கு 3200 என்றுதான் போட்டிருந்தார்கள், 2020-இல்தான் இரண்டும் ஒன்றாயின. கண்ணாடிக்கு நீட்டிப்பு...

ஈஸ்ட்ஹாம்_கருப்பட்டி:
அண்ணா, கேட்டது கியர். கண்ணாடி வரைக்கும் வந்துவிட்டீர்கள்.

பழைய_ஸ்பானர்:
கண்ணாடி இல்லாமல் இழுத்து அபராதம் கட்டினவன் சொல்கிறேன் தம்பி.

பென்டில்ஹில்_அப்பா:
பிரேக் எண்ணெய் வாங்கின நாளிலிருந்து மாற்றவில்லை. கண்ட்ரோலரில் என்ன இருந்தது என்றே தெரியாது, கடையில் வைத்துக்கொடுத்தபடி இருந்தது. இரண்டையும் இந்த வாரமே பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வண்டி மாற்றுவதைத் தள்ளிவைத்தாயிற்று. வருகிற சனிக்கிழமை ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே மவுண்ட் ஔஸ்லி வழியாக வூலங்காங் இறங்கி இரண்டு நாள் கடற்கரையில் தங்கப் போகிறோம். கியரை உச்சியிலேயே குறைத்துக்கொண்டு கத்த விடப்போகிறேன். மனைவியிடம் சொன்னேன். கோயிலிலிருந்து தான் ரயிலில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டாள்.