நீர்கொழும்பின் பழைய ஊரை ஒரு நாளில் பார்ப்பது எப்படி? – அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் ஊர்)

வெள்ளவத்தை
விடுமுறையில் பிள்ளைகளோடு ஒரு நாள் நீர்கொழும்பு போகிறோம். ஹோட்டல் பக்கக் கடற்கரை வேண்டாம். பழைய ஊர்தான் பார்க்க வேண்டும். தெரிந்தவர்கள் விபரமாகச் சொல்லுங்கள். ஞாயிறு போனால் சரிதானே?

கொட்டாஞ்சேனை
புறக்கோட்டையில் 240 பஸ் எடுங்கள். ரயிலென்றால் புத்தளம் பாதை ரயில். அது ராகமையில் கண்டிப் பாதையை விட்டுப் பிரியும்.

நீர்கொழும்புக் கோட்டை காலிக் கோட்டை மாதிரி இருக்கும் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். மிஞ்சியிருப்பது ஒரு வளைவு வாசல், கொஞ்சம் அரண், மணிக்கூட்டுக் கோபுரம், அவ்வளவுதான். மீதியை ஆங்கிலேயர் இடித்து அங்கேயே சிறைச்சாலை கட்டினார்கள். இன்றும் அது சிறைதான். படமெடுப்பதை வெளி வாசலோடு நிறுத்துங்கள். காவலர் பக்கம் கமராவைத் திருப்பக் கூடாது. வாசலில் 1678 என்று வெட்டியிருப்பதைப் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள்.

இத்தனை சின்னக் கோட்டைக்கு எவ்வளவு சண்டை! 1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்தார்கள், அதே வருடம் இழந்தார்கள், 1644இல் மறுபடி பிடித்தார்கள். எல்லாம் கறுவாவுக்காக. அந்தக் காலத்தில் கறுவாவைத் தோட்டம் போட்டு வளர்க்கவில்லை. காட்டில் தானாக வளர்ந்த மரத்தைத்தான் உரித்தார்கள். நீர்கொழும்பை அண்டிய காடுகளில் நல்ல பட்டை கிடைத்தது. 1769இல் ஒல்லாந்தர் கொழும்பில் நட்டு வளர்க்கத் தொடங்கினார்கள். நம்முடைய கறுவாத்தோட்டத்துக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

வத்தளை
அந்தப் பக்கத்து வாய்க்காலின் பெயரைப் பலர் பிழையாகச் சொல்வார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். வத்தளை, ஹெந்தளை, பமுனுகம வழியாகப் போகும் வாய்க்காலை எல்லாரும் ‘ஒல்லாந்தர் வாய்க்கால்’ என்பார்கள். அது ஹமில்டன் வாய்க்கால். ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்தது, நீளம் 14.5 கிலோமீற்றர். ஒல்லாந்தருடையது வேறு, அதற்குக் கிழக்கே இருக்கிறது.

வாய்க்காலை ஒட்டிய முத்துராஜவெல சதுப்பு நிலம் ஒரு காலத்தில் வயல். கடல்நீர் ஏறி நெல் கெட்டது. அந்த உப்புநீரை வடிப்பதற்காகத்தான் ஹமில்டன் வாய்க்காலை வெட்டினார்கள். ஆனால் ஒரு முனை களனி கங்கையில், மறு முனை நீர்கொழும்புக் களப்பில். இரண்டிலும் கடல் ஏறி இறங்கும். வடியும் வழியாகவே உப்பு திரும்ப உள்ளே வரும். வயல் மீளவில்லை. சதுப்பாகவே கிடந்ததால்தான் பறவைகளுக்கு இடம் கிடைத்தது; 1996இல் சரணாலயமாக அறிவித்தார்கள். படகில் போவதென்றால் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பறவைகள் ஒதுங்கிவிடும்.

நீர்கொழும்பு
அக்கா, ஞாயிறு வேண்டாம். கத்தோலிக்க மீனவர்கள் அன்று கடலுக்குப் போவதில்லை, ‘லெல்லம’ மீன் சந்தை வெறிச்சோடிக் கிடக்கும். வேறு நாளில் விடிய ஆறு மணிக்கு முன் நிற்க வேண்டும்.

கோட்டையைப் பார்த்தபின் களப்பின் முகத்துவாரத்துக்குக் கட்டாயம் நடந்து போங்கள். என்னைக் கேட்டால் கோட்டையை விட அதுதான் பெரிய சரித்திரம். சிங்களத்தில் ‘கட்டுதெல்’ என்பது அங்கே இறாலுக்குப் போடும் பை வலை. களப்பில் வளர்ந்த இறால், இரவில் நீர் வற்றும்போது இழுவையோடு கடலுக்குப் போகும். அதன் வழியில் கம்பு ஊன்றி, வலையின் வாயை நீரோட்டத்துக்கு எதிராகத் திறந்து கட்டுவார்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு இறால் வராது. ஆழமும் ஓட்டமும் மாறும். அதனால் யாருக்கு எந்த இடம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். துவா, பிட்டிப்பன, பெரிய தெரு, கடற்கரைத் தெரு ஆகிய நான்கு இடத்து மீனவர் சங்கங்களுக்கே அந்த உரிமை, அதுவும் பரம்பரையாக. 1958இல் அரசாங்கம் அதைச் சட்ட விதியாகவே எழுதியது. பகலில் போனால் வெறும் கம்புகள்தான் தெரியும், ஏமாற வேண்டாம்.

பெரிய தெருவில் மரியன்னை கோவில் இருக்கிறது, 1874இல் கட்டத் தொடங்கியது. உள்ளே போனால் கூரையை அண்ணாந்து பாருங்கள், ஓவியங்கள் அங்கேதான்.

வெள்ளவத்தை
மிக்க நன்றி தம்பி, வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிட்டோம். அங்கே கருவாடு வாங்கலாமா? போன முறை வேறு இடத்தில் வாங்கியது இரண்டு கிழமையில் மணத்துவிட்டது.

நீர்கொழும்பு
வாங்கலாம், பார்த்து வாங்க வேண்டும். மீனைப் பிளந்து குடலும் செவுளும் எடுத்து, கழுவி, மூன்று கிலோவுக்கு ஒரு கிலோ உப்பு வீதம் அடுக்கி வைத்து, பிறகு மணலில் தும்புப் பாய் விரித்துக் காய வைப்பார்கள். உப்புக் குறைந்தால் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். முதல் நாளே கடும் வெயில் பட்டால் மேல் தோல் இறுகி உள்ளே ஈரம் அடைபடும். உங்களுக்கு மணத்தது அனேகமாக அப்படித்தான். ரோஸ் நிறம் படிந்திருந்தால் தொடவே வேண்டாம், உப்பிலேயே வளரும் பக்டீரியா அது. முள்ளோரம் தடித்த இடத்தில் விரலால் அழுத்துங்கள். குழி விழுந்தால் இன்னும் காயவில்லை. ஒக்டோபர், நவம்பர் மழையில் வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஒரு நாள் வெயிலில் போடுங்கள்.