சைலன்சர் மாற்றிய ஓட்டோவுக்கு ஜெட்: மேலே ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு

தலவாக்கலையில் கராஜ் வைத்திருக்கிறேன். என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் தோட்டத்து றோட்டில் ஓடுகிற ஓட்டோக்கள். பெரிய டயர், உயர்த்திய ஷொக், திறந்த சைலன்சர். சைலன்சர் மாற்றினவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பாஸ், மெயின் ஜெட்டை எத்தனை நம்பர் கூட்டணும்?" மெயின் ஜெட் என்பது காபரேட்டருக்குள் பெற்றோலை அளந்து விடுகிற துளை போட்ட சிறு திருகு, நம்பர் கூடினால் பெற்றோலும் கூடும். வண்டி எங்கே வரைக்கும் இறங்கப் போகிறது என்று தெரியாமல் நான் இதற்குப் பதில் சொல்வதே இல்லை.

திறந்த சைலன்சர் போட்டால் எஞ்சின் கூடுதலாகக் காற்று இழுக்கும், பழைய ஜெட்டில் பெற்றோல் பற்றாது. மலை ஏறினால் நடப்பது இதற்கு நேர்மாறு. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். கொழும்புக் காற்றின் அடர்த்தியில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்குதான் அங்கே. காபரேட்டர் அந்த அளவுக்குப் பெற்றோலைக் குறைக்காது, அதனால் கலவை தானாகவே ரிச் ஆகிவிடும், அதாவது காற்றுக்குப் பெற்றோல் கூடிவிடும். சைலன்சர் உண்டாக்கிய குறையை உயரம் மூடி மறைத்துவிடுகிறது! ஜெட்டையே தொடாமல் நானுஓயாப் பக்கம் வண்டி அருமையாக ஓடும். ஹட்டன், கினிகத்தேனை தாண்டி கித்துல்கலைக்கு இறங்கி, சுமையோடு திரும்ப ஏறும்போதுதான் உண்மை வெளியே வரும்.

லிந்துலையில் இருந்து ஒரு தம்பி வந்தார். அவிசாவளைக்குக் கல்யாணச் சாமான் ஏற்றப் போய்த் திரும்பும் வழியில் இழுவை குறைந்து, எஞ்சினுக்குள் கடகடவென்று சத்தம் கேட்டிருக்கிறது. பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது, அதன்மேல் ஊசிமுனை அளவில் பளபளவென்று புள்ளிகள். அது பிஸ்டனில் இருந்து உருகித் தெறித்த அலுமினியம். தோட்டத்துக்குள் மட்டும் ஓடியிருந்தால் அந்த எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அதனால் நான் ஜெட் பார்ப்பது, வண்டி போகக்கூடிய ஆகத் தாழ்வான இடத்துக்குத்தான். மேலே கொஞ்சம் ரிச்சாக ஓடினால் பெற்றோல் கூடக் குடிக்கும், பிளக் கறுக்கும், புகைப் பரிசோதனைக்கு முன் திரும்ப ஒருமுறை பார்க்க வேண்டி வரும். அவ்வளவுதான் நட்டம். கீழே லீனாக, அதாவது பெற்றோல் பற்றாமல் ஓடினால் பிஸ்டன், வால்வ் என்று போய்விடும். சாமான் விற்கிற விலையில் அதை யார் தாங்குவது?

மெயின் ஜெட் முழுசாக வேலை செய்வது ஆக்சிலேட்டர் முக்கால் பங்குக்கு மேல் திறந்தால்தான். தோட்டத்துப் பாதையில் அது அபூர்வம். ஸ்லோ ஓட்டத்தில் இருந்து கால் பங்கு வரை பைலட் ஜெட் என்கிற சின்ன ஜெட்டும் ஸ்குரூவும், அதற்கு மேல் முக்கால் வரை காபரேட்டருக்குள் ஏறி இறங்குகிற ஊசி. கால் ஆக்சிலேட்டரில் திணறுகிற வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றிப் பிரயோசனமில்லை. ஊசியில் கிளிப் பள்ளம் இருந்தால் ஒரு பள்ளம் கீழே மாட்டுங்கள், ஊசி உயர்ந்து பெற்றோல் கூடும். பள்ளம் இல்லாத ஊசிக்கு மெல்லிய வாஷர் போதும்.

மெயின் ஜெட்டைச் சோதிக்க, புது பிளக் போட்டு, கீழே ஒரு நீண்ட ஏற்றத்தில் ஃபுல் ஆக்சிலேட்டரில் விட்டு, அப்படியே க்ளச்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்துங்கள். ஸ்லோவில் ஓடவிட்டுப் பிறகு கழற்றினால் பிளக் சொல்வது ஸ்லோ ஓட்டத்தின் கதை. பீங்கானின் அடிப்பக்கம் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் நல்லது.

ஜெட்டைத் துளைபோட்டுப் பெரிதாக்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். செப்புக் கம்பியால் குத்திச் சுத்தம் பண்ணுவதும் அதே பாவம்தான். கெய்ஹின் கம்பனி ஜெட்டில் பொதுவாக நம்பர் என்பது துளையின் அகலம், 100 என்றால் ஒரு மில்லிமீற்றர். அதில் நூறில் சில பங்குதான் அடுத்த நம்பருக்கு வித்தியாசம். கையால் துளைத்து அந்த அளவைப் பிடிக்க முடியாது. மிக்குனி கம்பனியின் ஆறுபட்டை ஜெட்டில் நம்பர் என்பது ஓடும் பெற்றோலின் அளவு, ஆகவே ஒன்றின் நம்பரைப் பார்த்து மற்றதை வாங்க வேண்டாம்.

*

அப்புத்தளையில் இருந்து:

அண்ணே, என்னுடைய அனுபவத்தையும் சொல்கிறேன். புது சைலன்சர் போட்டதில் இருந்து, பெரகலையில் இருந்து வெல்லவாயாவுக்கு இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் படபடவென்று வெடிக்கும். பார்த்தவர் எல்லாரும் லீன், ஜெட்டைக் கூட்டு என்றார்கள். எங்கள் ஊர் பாஸ் ஜெட்டைத் தொடவில்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, சைலன்சர் குழாய் சிலிண்டரோடு சேருகிற இடத்தில் சவர்க்காரத் தண்ணி ஊற்றினார். நுரை குமிழ் குமிழாக வந்தது. கேஸ்கட் சரியாக உட்காராமல் வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது. கேஸ்கட் மாற்றினதும் வெடிச்சத்தம் நின்றது.

*

பொகவந்தலாவையில் இருந்து:

எங்கள் டிவிஷனுக்கு ஏறுகிற கடைசி வளைவு சரியான செங்குத்து. கொழுந்து மூட்டையோடு அதில் ஏறினால் பாதியில் எஞ்சின் அடைக்கும், சமதரையில் ஒரு குறையும் இல்லை. பெரிய ஜெட் போட்டும் அதே கதைதான். இதற்கு என்ன செய்யலாம் அண்ணே?

*

தம்பி, அது ஜெட் குறை மாதிரித் தெரியவில்லை. வண்டி அண்ணாந்து நிற்கும்போது காபரேட்டரின் அடிக் கிண்ணத்துப் பெற்றோல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கிண்ணத்துக்குள் பெற்றோலின் அளவைப் பிடித்து வைக்கிற மிதவையின் மட்டம் குறைவாக இருந்தால் மெயின் ஜெட் வாய்க்குப் பெற்றோல் எட்டாது. கிண்ணத்தைக் கழற்றி மிதவை உயரத்தை அளந்து, கம்பனி சொன்ன அளவுக்குக் கொண்டுவாருங்கள். டேங்க் மூடியின் காற்றுத் துளை சேற்றில் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு பழைய ஜெட்டையே திரும்பப் போட்டு ஏற்றிப் பாருங்கள்.

இன்னொன்று. உங்களுடையது 2008இல் இறக்குமதி நிற்கும் முன் வந்த டூ ஸ்ட்ரோக் வண்டி, ஒயிலைப் பெற்றோலோடு கலந்து ஊற்றுவது என்றால் இன்னும் கவனம் வேண்டும். பெற்றோல் குறைந்தால் ஒயிலும் குறையும். நீண்ட இறக்கத்தில் கியரில் போட்டு ஆக்சிலேட்டரை முழுக்க மூடியே வராமல், இடைக்கிடை க்ளச்சைப் பிடித்துக் கொஞ்சம் முறுக்கி விடுங்கள்.