வைரல் காய்ச்சலுக்கு அப்பறம் வைட்டமின் டி 9தானுங்க, கொழந்த தள்ளிப்போகுமா?

பல்லடம் அம்மணி:
வணக்கமுங்க. வயசு 29, ஆறு மாசமா கொழந்தைக்குப் பாக்கறோம். ஐப்பசில எனக்கும் மாமாவுக்கும் ஒரே வாரத்துல கொரோனா, காய்ச்சல் 103 வரைக்கும் போயிருச்சு. அதுவரைக்கும் 28, 29 நாள்ல தப்பாம வந்துட்டிருந்த பீரியட்ஸ் அப்பறம் 41 நாளு, அடுத்தது 36. வைட்டமின் டி 9தான்னு ரிப்போர்ட் வந்துச்சுங்க, வாரம் ஒரு 60,000 யூனிட் பவுடர், எட்டு வாரம் எழுதியிருக்காங்க. பனியன் கம்பெனில செக்கிங் வேல, காலைல எட்டரைக்கு உள்ள போனா ஒன்றரை ஷிப்ட் முடிச்சு பொழுதெறங்கித்தான் வெளிய வரேன், ஆனா தெனமும் ஆறரைக்கு மொட்டமாடில வெயில்ல நிக்கறனுங்களே, அப்பறமும் ஏன்? பக்கத்து வீட்டக்கா 6 லட்சம் யூனிட் வைட்டமின் டி ஊசி ஒண்ணு போட்டா உடனே கொழந்த நிக்கும்ங்கறாங்க. அத்தை காய்ச்சல் சூட்டுல கருப்பை காஞ்சுருச்சுன்னு சொன்னதுல இருந்து தூக்கமே வர்ல.

கோபி அக்கா:
கண்ணு மொதல்ல அழுகாத. எனக்கும் இப்படித்தான், காய்ச்சலுக்கு அப்பறம் மூணு மாசம் தேதி கண்டபடி வந்து தானா சரியாயிருச்சு. எனக்கு டி 11. நான் பாட்டுக்கு வெறும் வயித்துல தண்ணில கலக்கிக் குடிச்சேன், பாதிப் பவுடர் டம்ளர் அடியிலயே ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு, அது கொழுப்புல கரையற சத்து, சாப்புட்டுட்டுப் பால்ல கலந்து குடின்னு டாக்டரம்மா சொன்னாங்க. அப்பறம் டி 34க்கு வந்துச்சு, ஆனாலும் அஞ்சு மாசம் நிக்கல. கடைசில தைராய்டு கம்மியா வேல செஞ்சா ஏறற டிஎஸ்எச்ச ரத்தத்துல பாத்தா 7.8, அதிகம், தைராய்டு மாத்திரை போட்ட மூணாவது மாசம் முழுகாம ஆனேன். டி ஒண்ணையே புடிச்சுக்கிட்டு இருந்துராத சாமி, தைராய்டையும் பாத்துரு.

ஈரோடு நர்ஸ்:
கருத்தரிப்பு வார்டுல வேல பாக்கறனுங்க. அத்தை சொல்றது மாதிரி கருப்பை காயறதெல்லாம் இல்லீங்க. கடுமையான காய்ச்சல் வந்தா மூளைல இருந்து முட்டைப்பைக்குப் போற சிக்னல் கொஞ்ச நாள் தடுமாறும், கருமுட்டை லேட்டா வெளிய வரும், அதனால தேதி தள்ளும். பெரும்பாலும் சில மாசத்துல சரியாயிரும்.

டி 20க்குக் கீழ இருந்தா குறைபாடுதான், முட்டைப்பைலயும் கருப்பை உள்சுவர்லயும் இந்தச் சத்த வாங்கிக்கற ரிசெப்டர் இருக்கு, அதனால ஏத்திக்கறது நல்லது, எலும்புக்கும் வேணும். ஆனா அத ஏத்துனாலே கொழந்த நிக்கும்னு நிரூபணம் இல்ல. இத்தாலில ஐவிஎஃப்க்கு (கருவ வெளிய உண்டாக்கி உள்ள வெக்கற சிகிச்சை) வந்த, டி கம்மியா இருந்த 630 பேருல ஒரு பாதிக்கு இதே 6 லட்சம் யூனிட்ட ஒரே தடவையா வாய்வழியா குடுத்துப் பாத்தாங்க, குடுக்காதவங்கள விட அதிகமா நிக்கலீங்க. தயவுசெஞ்சு மெடிக்கல்ல அந்த ஊசிய நீங்களா வாங்கிப் போட்றாதீங்க. டி அளவுக்கு மீறுனா ரத்தத்துல கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், கிட்னில கல்லு வரைக்கும் போகும். எழுதிக்குடுத்த எட்டு வாரம் முடிங்க, அப்பறம் டாக்டர் சொல்றப்ப மறுபடி டெஸ்ட்.

ஆறரை வெயில்ல டி உண்டாகற கதிர் ரொம்பக் கம்மிங்க, கண்ணாடி ஜன்னல் வழியா சுத்தமா வராது. ஞாயித்துக்கெழம பதினோரு மணி வாக்குல துணி காயப்போடறப்ப கை, முதுகுல பட நில்லுங்க, நம்ம நெறத்துக்குக் கொஞ்சம் கூட நேரம் வேணும்.

ஆமா, உங்க வூட்டுக்காரருக்கும் காய்ச்சல் வந்துச்சுன்னீங்களே, அவுருக்கு யாராச்சும் டெஸ்ட் எழுதுனாங்களா? காய்ச்சல் சூட்டுல விந்தணு கொறையும், புதுசா உருவாக ரெண்டரை மூணு மாசம் ஆகும். எல்லாத்தையும் பொண்ணு தலைல கட்டறதப் பாத்து எனக்கு வயிறு எரியுதுங்க. நீங்க ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் தெனமும் போடறீங்களான்னும் பாத்துக்கோங்க, 35 வயசுக்குள்ள ஒரு வருசம் வரைக்கும் பொறுக்கலாம், தேதி இன்னும் தள்ளிக்கிட்டே போனா மட்டும் உடனே போயிருங்க.

பல்லடம் அம்மணி:
ரொம்ப நன்றிங்க அக்கா, நானும் பவுடர வெறுந்தண்ணிலதான் கலக்கிட்டிருந்தேன். ஊசி வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். மாமாகிட்ட இதப் படிச்சுக் காட்டுனேன், சனிக்கெழம அரை நாள் லீவு போட்டு ரெண்டு பேரும் போறோமுங்க, எனக்குத் தைராய்டு, அவுருக்கு அந்த டெஸ்ட்.