இடவப்பாதி, ஐப்பசி மழை: நம்ம குமரி மாவட்டத்தில் நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

வடசேரி பயணி:
திருநெல்வேலிப் பக்கம் வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். ஆனி மாதம் நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் குடையை மடக்கிக்கொண்டே ஏறுவோம். தோவாளை வரைக்கும் ஜன்னல் ஷட்டரைத் தூக்க முடியாது. ஆரல்வாய்மொழியில் தூறல் நின்றுவிடும், காற்று மட்டும் பஸ்ஸைப் பின்னாலிருந்து தள்ளும். முப்பந்தல் கழிந்து காவல்கிணறு வந்தால் வெயில், புழுதி. அங்கே ஏறுகிறவர்கள் நம் கையிலிருக்கும் ஈரக் குடையை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

தமிழ்நாட்டுக்கு வருஷ மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. நமக்கோ ஜூனில் தென்மேற்குப் பருவம் (நாம் சொல்லும் இடவப்பாதி), அக்டோபரில் வடகிழக்குப் பருவம் (ஐப்பசி மழை) என்று இரண்டிலும் நல்ல மழை உண்டு. ஆனால் மாவட்டம் முழுக்க அது ஒரே மாதிரி இல்லை என்பது என் எண்ணம். உங்கள் ஊரில் எப்படி? கேள்விப்பட்டது வேண்டாம், பார்த்ததைச் சொல்லுங்கள்.

குலசேகரம் ரப்பர்:
நான் பால்வெட்டு ஆள். எனக்கு மழை என்பது சம்பளக் கணக்கு. இரண்டு மழையும் ஒன்றில்லை என்று அடித்துச் சொல்வேன்.

இடவப்பாதி மழை இடி மின்னல் இல்லாமல் வரும். முதல் சில நாள் உறுமல் இருக்கலாம், அப்புறம் சத்தமே இல்லை. மேகம் பேச்சிப்பாறை மலையில் வந்து ஒட்டிக்கொண்டால் பகல் முழுக்க விட்டு விட்டுப் பெய்யும். விடிகாலையிலும் பெய்யும், அதுதான் எங்களுக்குச் சிக்கல். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரத்தில் பரவி வழியும், சிரட்டைக்கு வந்து சேராது. சேர்ந்தாலும் தண்ணீர் விழுந்து கெட்டுப்போகும். அதனால் மே மாதக் கடைசிக்குள் ஒவ்வொரு மரத்துக்கும் பிளாஸ்டிக் பாவாடை கட்டிவிடுவோம். வெட்டுக்கு மேலே பட்டையைச் சுரண்டி, தார்ப் பசை பூசி, பிளாஸ்டிக்கைச் சுருக்கு வைத்து ஒட்ட வேண்டும். ஒரு விரல் இடைவெளி விட்டால் போதும், மரத்தோடு இறங்குகிற தண்ணீர் மொத்தமும் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். ஒட்டுகிற வேலையில் அவசரப்பட்டவன் ஜூலையில் ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்த மட்டப் பால்) மட்டும்தான் விற்பான்.

ஐப்பசி மழைக்கு நேரம் உண்டு. காலையில் பளிச்சென்று வெயில். மதியம் கழிந்து மலைக்கு மேலே மேகம் திரண்டு நிற்கும். மூன்று, நான்கு மணிக்கு இடி இறங்கும். ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போய்விடும். வெட்டு காலையில் முடிந்துவிடுவதால் எங்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. ஆனால் அந்த நேரத்தில் தோட்டத்தில் நிற்கக்கூடாது. மின்னல் பாய்ந்து தலையிலிருந்து அடி வரைக்கும் பட்டை கிழிந்த மரங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. கேரளத்தின் உள்மாவட்டங்களில் ஆனி ஆடி ஈரத்தில் பூஞ்சை பிடித்து ரப்பர் இலை பச்சையாகவே கொட்டும். நம் பக்கம் அது குறைவு. அங்கே மாதிரி ஒரே பருவத்தில் மொத்தமாகக் கொட்டாமல் இங்கே இரண்டாகப் பிரிந்து பெய்வதுதான் காரணம் என்பார்கள். ரப்பர் மகசூலில் குமரிக்கு உள்ள பேருக்கும் அதில் பங்குண்டு.

ஓய்வு பெற்ற புவியியல் வாத்தியார்:
குலசேகரம் தம்பி சொன்னதற்குக் காரணம் சொல்கிறேன். கோடையில் ராஜஸ்தான், பாகிஸ்தான் பக்கத்துப் பாலைநிலம் காய்ந்து அங்கே காற்றழுத்தம் குறைகிறது. மடகாஸ்கருக்குக் கிழக்கே தென் இந்தியப் பெருங்கடலில் அழுத்தம் கூடுதல். அங்கிருந்து தென்கிழக்குக் காற்றாகக் கிளம்புவது நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் வளைகிறது. சோமாலியா கரையோரம் வேகம் பிடித்து, அரபிக்கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு தென்மேற்கிலிருந்து நம்மிடம் வருகிறது. நிலமும் கடலும் சூடாவதில் உள்ள வித்தியாசத்தை 1686இல் சொன்னவர் எட்மண்ட் ஹாலி, வால்நட்சத்திரத்துக்குப் பேர் போன அதே ஆள்தான். பூமி சுழல்வதை 1735இல் ஹாட்லி கணக்கில் சேர்த்தார்.

இந்தக் காற்று தரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில்தான் மிக வேகமாக ஓடுகிறது. நம் மலையும் கிட்டத்தட்ட அந்த உயரம்தான், மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கு மேல். மோதிய காற்று மேலே ஏற வேண்டும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் ஈரத்தை இறக்கும். மலை தாண்டிக் கீழிறங்கும்போது மறுபடி சூடாகி வறண்டுவிடும். வடசேரி பயணி பார்த்த புழுதி அதுதான். ஜூனில் மலைதான் காற்றைத் தூக்குகிறது, அதனால் மழைக்கு நேரம் காலம் கிடையாது. அக்டோபரில் அந்தக் காற்று தளர்ந்துவிடும். காலை வெயிலில் சூடான நிலமே ஈரக் காற்றை மேலே தூக்குகிறது, அதனால்தான் மாலை இடி.

முப்பந்தல் காற்றாலை டெக்னீசியன்:
மே முதல் செப்டம்பர் வரை எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இருபுறமும் மலை இருப்பதால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நெருங்கி வருகிற காற்று வேகம் எடுக்கிறது. அக்டோபரில் காற்று படுத்துவிடும், அப்போதுதான் பராமரிப்பு வேலை, லீவு, கல்யாணம் எல்லாம்.

கன்னியாகுமரி கடைக்காரர்:
மாவட்டத்துக்கு நல்ல மழை என்று டிவியில் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஆனி ஆடியில் முனைக்கு வருவது காற்று, காற்று, காற்று. சங்கு, பாசி எல்லாவற்றையும் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுவோம். கடல் கொந்தளித்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகை நிறுத்துவார்கள், வந்த கூட்டம் கரையில் நின்று போட்டோ எடுத்துவிட்டுப் போகும். மழை? நாலு சாரல். மேற்கே மார்த்தாண்டத்தில் வெள்ளம் என்பான் மச்சினன், நான் இங்கே தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பேன்.

ஓய்வு பெற்ற புவியியல் வாத்தியார்:
அண்ணாச்சி, முனையில் காற்றைத் தடுத்து மேலே தூக்க உயரமான மலை இல்லை. வந்த ஈரம் அப்படியே கடந்து போய்விடுகிறது. விளவங்கோட்டில் ரப்பரும் பலாவும், அகஸ்தீஸ்வரத்தின் கிழக்குப் பக்கம் பனையும் நிற்பதற்கு அதுதான் கணக்கு.

முட்டம் மேரி அக்கா:
கடலைப் பற்றி யாரும் பேசவில்லையே மக்களே. எங்களுக்கு மழை பிரச்சினையில்லை, கச்சான் என்கிற மேற்குக் காற்றுதான் பிரச்சினை. ஆனி ஆடியில் அந்தக் காற்று பிடித்துவிட்டால் அலை தெருவுக்கு வரும். அழிக்கால், பிள்ளைத்தோப்பு பக்கம் வீட்டுக்குள் மணல் வந்து குவியும். கட்டில் காலை மணல் மூடி, அடுப்பு இருந்த இடமே தெரியாமல் போன வீட்டில் நான் கூடமாட நின்று மணல் அள்ளியிருக்கிறேன். அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல்லடுக்கித் தூண்டில் வளைவு போட்ட இடத்தில் தப்பிப்பார்கள், அடி பக்கத்து ஊருக்குப் போகும். அது தனிச் சண்டை.

வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது: இந்தச் சின்ன மாவட்டத்தில் விசைப்படகுக்கு இரண்டு தடைக்காலம். சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணத்துக்கு மேற்குக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அவர்கள் வலையை எடுக்கும்போது நாங்கள் மடக்கி வைத்திருப்போம்.

கச்சானைத் திட்டிக்கொண்டே இருப்போம், ஆனால் அது இல்லாவிட்டால் சோறும் இல்லை. அந்தக் காற்று மேல்தண்ணீரைக் கரையைவிட்டுத் தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது, அதில் மீனுக்குத் தீனி இருக்கிறது என்று மீன்வளக் கல்லூரியில் படித்த என் மகள் சொல்வாள். ஆவணியில் சாளை மீன் வலை நிறைய வரும்போது நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

அப்புறம் ஒக்கி புயல். 2017 நவம்பர் 30. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் ஆழ்கடலுக்குப் போய்ப் பல நாளாகியிருந்தது. எச்சரிக்கை வந்தபோது அவர்களுக்கு எட்டவில்லை. அதற்கு மேல் நான் எழுதவில்லை.

குலசேகரம் ரப்பர்:
அக்கா, அன்று மலையிலும் அப்படித்தான். ரப்பர் இடுப்பளவில் ஒடிந்து கிடந்தது, வாழை மிச்சமில்லை. இடவப்பாதிக் காற்றுக்குப் பழகின மரம், வேறு திசையிலிருந்து அடித்ததும் தாங்கவில்லை.

நாஞ்சில் வயக்காரன்:
கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு நெல் வைப்பதே இரண்டு மழையை நம்பித்தான். ஜூன் வாக்கில் பேச்சிப்பாறை திறந்து கால்வாயில் தண்ணீர் வந்தால் கன்னிப்பூ ஆவணி, புரட்டாசியில் அறுப்புக்கு வரும். உடனே உழுது கும்பப்பூ நட்டால் ஐப்பசி மழை வேருக்கு நல்லது. இடவப்பாதி பிந்தினால் அணை பிந்தும், நடவு பிந்தும், அறுப்பு நேராக ஐப்பசி இடியில் போய் மாட்டும். மெஷின் வயலில் இறங்காது, இறங்கினால் ஏறாது. சாய்ந்த கதிர் நாலு நாள் தண்ணீரில் கிடந்தால் வயலிலேயே முளைவிடும். அந்த நெல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் வெள்ளை முளை ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். வியாபாரி சாக்கைப் பிரிக்கக்கூட மாட்டான். மழை கூடினதா குறைந்ததா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி, எந்தத் தேதிக்கு வந்தது என்பதுதான் முதல் கேள்வி.

வடசேரி பயணி:
வாத்தியாருக்கு ஒரு சந்தேகம். ஐப்பசியில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. அப்படியென்றால் மலைக்கு மறைவில் இருப்பது நாம்தானே? பிறகு 2021 நவம்பரில் தண்டவாளம் வரைக்கும் தண்ணீர் எப்படி வந்தது?

ஓய்வு பெற்ற புவியியல் வாத்தியார்:
சரியான கேள்வி. வெறும் வடகிழக்குக் காற்றை மட்டும் நம்பினால் நமக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. காற்றழுத்தத் தாழ்வு எங்கே கிடக்கிறது என்பதில்தான் விஷயம். பூமியின் வடபாதியில் தாழ்வைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். சென்னைக்கு நேரே கிடந்தால் பெரும்பாலும் நமக்கு வறண்ட வாடைதான். அதுவே நமக்கு மேற்கே, அரபிக்கடலில் தள்ளிக் கிடந்தால் காற்று தெற்கிலிருந்து ஈரத்தோடு வந்து நம் மலையில் முட்டும். நவம்பரிலேயே ஆனி மாதம் பார்க்கலாம். 2023 டிசம்பரில் குமரிக்கடல் பக்கம் ஒரு சுழற்சி நின்றபோது கிழக்கிலிருந்து வந்த ஈரம் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நம்மிடமும் பெய்தது, ஆனால் அந்த அளவு இல்லை.

குலசேகரம் ரப்பர்:
அப்போ செய்தியில் தாழ்வு என்று சொன்னதும் வெட்டை நிறுத்த வேண்டாம், அது எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்த்தால் போதும், இல்லையா சார்?

ஓய்வு பெற்ற புவியியல் வாத்தியார்:
போதும் தம்பி. மதியத்துக்கு மேல் மட்டும் தோட்டத்தில் நிற்காதே.