இ-ஃபைல் இரண்டு முறை நிராகரிப்பு: போன வருட ஏஜிஐ பொருந்தவில்லையாம், உதவுங்கள்

கேள்வி

வணக்கம். நானும் மனைவியும் 2025-க்கான அமெரிக்க வருமான வரிப் படிவத்தைச் சேர்ந்து இ-ஃபைல் செய்தோம். சில மணி நேரத்தில் திரும்பிவிட்டது. என் பெயருக்கு ஐஎன்டி-031-04, மனைவி பெயருக்கு ஐஎன்டி-032-04 என்று பிழைக் குறியீடுகள். போன வருட ஏஜிஐ (சரிக்கட்டிய மொத்த வருமானம்) ஐஆர்எஸ் என்ற அமெரிக்க வரித்துறையின் பதிவோடு ஒத்துப்போகவில்லை என்று விளக்கம். எண்ணை மாற்றி மறுபடி அனுப்பினேன், அதே கதை. ஏப்ரல் 15-க்கு நான்கு நாள்தான் இருக்கிறது. யாரோ எங்கள் எஸ்எஸ்என் என்ற சமூகப் பாதுகாப்பு எண்ணைத் திருடிவிட்டார்களோ என்று மனைவி பயப்படுகிறார். யாராவது வழி சொல்லுங்கள்.

பதில்

திருட்டுப் பயத்தை முதலில் விடுங்கள். உங்கள் எண்ணில் வேறு யாராவது தாக்கல் செய்திருந்தால், ஏற்கெனவே படிவம் வந்துவிட்டது என்று வேறு பிழைக் குறியீடு வந்திருக்கும். இ-ஃபைலில் நாம் கையெழுத்தாகப் போடுவது 5 இலக்க ரகசிய எண் (பின்). போடுவது நாம்தான் என்று காட்டத்தான் போன வருட ஏஜிஐ கேட்கிறார்கள். அந்தத் தொகையை எங்கிருந்து எடுத்தீர்கள்? முதலாளி தரும் டபிள்யூ-2 படிவத்தில் இருக்கும் சம்பளத்தைப் போட்டால் சரிவராது. 2024-ம் ஆண்டின் 1040 வருமான வரிப் படிவத்தில் 11-வது வரிசையில் இருக்கும் தொகைதான் வேண்டும்.

கேட்டவர்

டபிள்யூ-2 இல்லை. ஆனால் ஒரு விஷயம். போன வருடம் இந்தியாவில் உள்ள என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியர்) டெபாசிட் வட்டியைக் காட்ட மறந்து, செப்டம்பரில் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டுத் திருத்தினோம். அதில் இருக்கும் திருத்திய ஏஜிஐயைத்தான் எடுத்தேன். முதல் தடவை ஆளுக்குப் பாதி, இரண்டாம் தடவை இருவருக்கும் முழுத் தொகை.

பதில்

சிக்கல் அங்கேதான். பின்னால் திருத்தினாலும், இங்கே போட வேண்டியது முதலில் தாக்கல் செய்த படிவத்தின் ஏஜிஐ. 1040-எக்ஸின் முதல் வரிசையைப் பாருங்கள். ஏ பத்தியில் பழைய தொகை, சி பத்தியில் திருத்திய தொகை. நீங்கள் எடுத்தது சி. ஏ பத்தித் தொகையை இருவருக்கும் முழுசாகப் போடுங்கள், பிரிக்க வேண்டாம். அப்புறம், என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கேயும் இல்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். நீங்களாகவே திருத்தியது மிக நல்ல காரியம்.

இன்னொருவர் பதில்

அப்படியும் நடக்காவிட்டால் ஐபி பின் (அடையாளப் பாதுகாப்பு எண்) வாங்குங்கள். ஐஆர்எஸ் இணையக் கணக்கில் 6 இலக்க எண்ணாகக் கிடைக்கும், கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. அது இருந்தால் ஏஜிஐ தேவைப்படாது. கணக்குத் தொடங்க ஐடி.மீ என்ற அடையாளச் சரிபார்ப்புத் தளம் வழியாகக் கடவுச்சீட்டையோ ஓட்டுநர் உரிமத்தையோ படம் எடுத்து அனுப்பி, முகத்தையும் காட்ட வேண்டும். விளக்கு வெளிச்சம் அட்டையில் பளிச்சிட்டதால் எனக்கு மூன்று முறை ஏற்கவில்லை. காலையில் ஜன்னல் பக்கம் வைத்து எடுத்ததும் உடனே ஏற்றது. இந்த எண் வருடா வருடம் மாறும். போனில் யாராவது கேட்டால் தயவுசெய்து சொல்லாதீர்கள், ஐஆர்எஸ் அப்படிக் கேட்பதில்லை.

நிராகரித்த படிவம் தாக்கல் செய்ததாகக் கணக்கில் வராது. கெடுவுக்குள் அனுப்பி நிராகரிக்கப்பட்டால், திருத்தி மறுபடி இ-ஃபைல் செய்ய 5 நாள் உண்டு. அதுவும் போதாது என்று தோன்றினால் ஏப்ரல் 15-க்குள் 4868 படிவம் போட்டு அக்டோபர் 15 வரை அவகாசம் வாங்கலாம். அந்த அவகாசம் படிவத்துக்கு மட்டும்தான், வரி பாக்கி இருந்தால் ஏப்ரல் 15-க்குள் கட்டியாக வேண்டும்.

கேட்டவர்

ஏ பத்தித் தொகையைப் போட்டு அனுப்பினேன். இன்று காலை ஏற்கப்பட்டது! இருவருக்கும் மனம் நிறைந்த நன்றி. மனைவிக்கும் இப்போதுதான் நிம்மதி. ஐபி பின்னும் வாங்கிவைக்கப் போகிறோம். இன்னொன்று: என் தங்கை இந்த வருடம்தான் முதல் தடவையாகத் தாக்கல் செய்கிறாள். அவளுக்குப் போன வருட ஏஜிஐ எது?

பதில்

0. கட்டத்தை வெறுமையாக விடாமல், 0 என்றே போடச் சொல்லுங்கள்.