ஹமார்த்தியா: ‘துன்பியல் குறை’யா, ‘பிழை’யா?

அன்பர்களே, வணக்கம்.

> ஹமார்த்தியா – துன்பியல் குறை

நம் கலைச்சொல் பட்டியலில் இந்த வரியை மாற்றியாக வேண்டும். துன்பியல் நாடக நாயகன் வீழ்வதற்குக் காரணமாக அரிஸ்டாட்டில் சொல்லும் கிரேக்கச் சொல் இது. குறை என்பது ஒருவனிடம் இருப்பது. ஹமார்த்தியா ஒருவன் செய்வது. தம் ‘கவிதையியல்’ நூலின் 13ஆம் இயலில் அரிஸ்டாட்டில் சொல்லும் நாயகன் அறத்தில் ஓங்கியவனும் அல்லன், தீயவனும் அல்லன். அவன் வீழ்வது கயமையால் அன்று, ஒரு ஹமார்த்தியாவால். அங்கேயே, சோஃபக்ளீஸ் நாடகத்தில் நாம் காணும் ஈடிபஸைப் பெயர் சொல்லிக் காட்டுகிறார்.

‘குறை’ என்று போட்டதும் மாணவர்கள் ஈடிபஸின் முன்கோபத்தையும் செருக்கையும் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். முச்சந்தியில், வண்டியிலிருந்த கிழவர் தாற்றுக்கோலால் தலையில் அடித்ததும் அவன் கோபத்தில் கொன்றான் என்பது உண்மைதான். ஆனால் அவனை வீழ்த்தியது அந்தக் கிழவர் தன் தந்தை லாயஸ் என்று தெரியாமல் போனது. கொரிந்து மன்னன் பாலிபஸையே தந்தை என்று நம்பி, தந்தையைக் கொல்வாய் என்ற தெய்வ வாக்குக்கு அஞ்சி, அவரைக் கொன்றுவிடக் கூடாதே என்று ஒதுங்கிப் போகிற வழியில்தான் இது நடக்கிறது. இதில் எதைக் குணக்குறை என்பது?

‘பாவம்’ என்பதும் ஆகாது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இதே சொல்தான். தமிழ் விவிலியம் பாவம் என்றது அங்கே சரி. இங்கே போட்டால் நாடகம் தண்டனைக் கதையாகிவிடும்.

என் பரிந்துரை ‘பிழை’. இதன் கிரேக்க வினை ஹோமரில் எறிந்த ஈட்டி குறி தப்புவதைச் சொல்ல வரும். நம்மிடம் குறள் 772 இருக்கிறது: “யானை பிழைத்தவேல்”. அங்கே பிழைத்தது, அதாவது குறி தப்பியது, வேல்.

———

> என் பரிந்துரை ‘பிழை’

ஐயா, குறள் மேற்கோள் அருமை. ஆனாலும் இரண்டு தடைகள். இன்றைக்குப் பிழை என்றால் எழுத்துப்பிழை நினைவுக்கு வரும், கனம் போதாது. அடுத்து, கம்பனில் இராமன் “மதியின் பிழையன்று… விதியின் பிழை” என்று இலக்குவனிடம் சொல்லும்போது அது யார்மேல் பழி என்ற பேச்சு. ஈடிபஸ் கதையையும் விதியின் பிழை என்று படிக்க நம் வாசகருக்கு ஒரு நொடி போதும்.

அரிஸ்டாட்டிலின் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ 5ஆம் நூலில் தீங்கு மூவகை: எதிர்பாராமல் நேர்வது, தீய எண்ணமில்லாமல் தவறிச் செய்வது (இதுதான் ஹமார்த்தேமா, ஹமார்த்தியாவின் உறவுச்சொல்), தெரிந்தே செய்யும் அநீதி. நடுவிலுள்ளதைப் பிரித்துக் காட்ட ‘அறியாப்பிழை’ எனலாமே?

———

> ‘அறியாப்பிழை’ எனலாமே?

ஓசை நன்று, ஆனால் கிரியோனிடம் உடைகிறது. சோஃபக்ளீஸின் ‘அன்டிகனி’ நாடகத்தின் முடிவில் மகன் உடலோடு வரும் மன்னன் கிரியோன் புலம்பும்போது அவன் வாயிலேயே ‘ஹமார்த்தேமா’ பன்மையில் வருகிறது: கெட்ட மதியின் பிழைகளே! தான் தண்டித்த அன்டிகனி தன் உடன்பிறந்தாள் மகள் என்பதும் தன் மகனுக்கு நிச்சயிக்கப்பட்டவள் என்பதும் அவனுக்கு நன்றாகத் தெரியும். தப்பியது கணிப்பு. ‘அறியா’ என்று பூட்டிவிட்டால் அவனுக்கு இந்தச் சொல் கிடைக்காது.

கம்பன் வரியும் இங்கே தடையில்லை, துணை. இராமன் இல்லையென்று ஒதுக்கிய அதே ‘மதியின் பிழை’யைத்தான் கிரியோன் தன்மேல் ஏற்றுக்கொள்கிறான். ஈடிபஸும் முழுக்க விதிமேல் போடவில்லை. இத்துன்பங்களைக் கொண்டுவந்தவன் அப்போலோ, கண்ணைக் குத்தியது என் கை என்று பிரித்தே சொல்கிறான்.

ஆகவே தலைச்சொல் ‘துன்பியற்பிழை’, கட்டுரைக்குள் ‘பிழை’, ஹமார்த்தேமாவுக்குப் ‘பிழைச்செயல்’. 13ஆம் இயலில் ‘பெரிய’ என்ற அடையோடு வரும் இடத்தில் ‘பெரும்பிழை’ இயல்பாக உட்கார்கிறது. ‘பெருங்குறை’ மனத்தாங்கல் போலக் கேட்கும்.

ஒரே எச்சரிக்கை, வினையாக்க வேண்டாம். “ஈடிபஸ் பிழைத்தான்” என்றால் உயிர் தப்பினான் என்றே படிப்பார்கள். கணுக்காலில் துளையிட்டு மலையில் விடக் கொடுத்த குழந்தை அப்படிப் பிழைத்தது வேறு கதை. ‘பிழை செய்தான்’ என்றே எழுதுவோம்.